கொல்லனுக்குக் கூலி யார் கொடுத்தது?

1

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கையில் ஒரு வேலை இருந்தது. நண்பர்கள் நடத்தும் வாசகர் கூட்டத்தில் ஔவையாரின் புறநானூற்றுப் பாடல்கள் பற்றி அரைமணி நேரம் பேச ஒத்துக்கொண்டிருந்தேன். ஊர், பாகூர் கொம்யூனில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் போய் எழுபது வருஷம் ஆகியும் நாங்கள் இன்னும் கொம்யூன் என்றுதான் சொல்கிறோம். சித்தப்பாவின் மெக்கானிக் ஷெட் கிருமாம்பாக்கம் தாண்டி கடலூர் ரோட்டோரம். மாட்டுப் பொங்கலன்றும் திறந்து வைத்திருந்தார்.

காய்கறி ஏற்றும் மினி லாரிக்கு அடியில் படுத்திருந்தவரிடம், பேச்சுக்கு ஒத்திகை பார்ப்பதுபோல 95-ஆம் பாட்டைக் கதையாகச் சொன்னேன். அதியமானுக்கும் காஞ்சித் தொண்டைமானுக்கும் பகை. அதியமானுக்காக ஔவை தூது போகிறார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஆயுதங்கள் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, பிடி திருத்தி, நெய் பூசி, காவலுக்குள் அழகாக இருக்கின்றன. ஔவை சொல்கிறார்: உன்னுடையவை இப்படி இருக்கின்றன, எங்கள் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சின்னக் கொட்டகையில் கிடக்கின்றன.

இந்த இடத்தில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்திலேயே வஞ்சப் புகழ்ச்சிக்கு உதாரணமாக நடத்தின பாட்டு. சித்தப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் வண்டிக்கு அடியிலிருந்தே கேட்டார்:

“அந்தக் கொல்லனுக்குக் கூலி யாருடா குடுத்தது?”

“பாட்டுல அது வரல சித்தப்பா.”

“வராது. யாரும் எழுத மாட்டாங்க.”

சித்தப்பா 2005-லிருந்து 2009 வரை குவைத்தில் ஓர் அமெரிக்க ராணுவ முகாமின் வண்டிப் பட்டறையில் காண்ட்ராக்ட் மெக்கானிக்காக இருந்தவர். ராணுவத்தில் இருந்தவர் அல்ல. ராணுவத்துக்கு வேலை செய்த கம்பெனியிடம் ஆள் அனுப்பிய இன்னொரு கம்பெனியில் இருந்தவர். அந்த நாலு வருஷத்தைப் பற்றி வீட்டில் அதிகம் பேசினதில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப்போய், ஔவையார் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் மிச்சம்.

2

முதலில் பாட்டுக்கே வருவோம். 95-ஆம் பாட்டை நாம் எப்போதும் மன்னர்களின் பக்கமிருந்தே வாசிக்கிறோம். போர் செய்யாதவன் ஆயுதம் பளபளக்கும், போர் செய்பவன் ஆயுதம் பழுதாகும் என்பதே பாட்டின் அங்கதம். சித்தப்பாவின் காது அதைப் பட்டறையின் பக்கமிருந்து கேட்டது. ஒரு படையின் உண்மையான நிலைமை அணிவகுப்பில் தெரியாது, ரிப்பேருக்கு வந்து நிற்கும் வரிசையில்தான் தெரியும் என்பது அவருக்குத் தொழில் அறிவு. ஔவைக்கும் அது தெரிந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் ஒரு படையின் வலிமையை அளக்க ரிப்பேர் பட்டறைக்குள் எட்டிப் பார்த்த இன்னொரு கவிஞரை நான் வாசித்த வரையில் பார்க்கவில்லை.

இதை ஒருமுறை கவனித்துவிட்டால் ஔவையின் மற்றப் பாடல்களும் வேறு மாதிரித் தெரிகின்றன. 87-ஆம் பாட்டில் பகைவரை எச்சரிக்கிறார்: எங்களிடம் ஒருவன் இருக்கிறான், ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் மெனக்கெட்டுச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன். 102-இல் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். உப்பு வணிகர்கள் மேடு பள்ளம் தெரியாத தூரப் பயணத்துக்கு முன்யோசனையாக வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டி வைப்பார்களே, அவன் அந்த ஸ்பேர் அச்சு மாதிரியாம். சக்கரம், அச்சு, ரிப்பேர் பட்டறை. ஒரு அரசக் குடும்பத்தைப் புகழ்வதற்கு ஒரு மெக்கானிக்கின் கண் இவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

நான் இன்ஜினியரிங் படித்தவன். 87-ஆம் பாட்டை முதலில் வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது என்றே சொல்லலாம். உற்பத்தித் திறன் என்ன, ஒரு பொருளுக்குச் செலவிடும் கவனம் என்ன, இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் என்ன என்று அந்தக் கிழவிக்குத் தெரிந்திருந்தது. எட்டுத் தேர் ஒரு நாளில் முடிப்பவனால்தான் ஒரு சக்கரத்துக்கு முப்பது நாள் கொடுக்க முடியும் என்பது தொழில் தெரிந்தவர் சொல்லும் பேச்சு.

ஆனால் சித்தப்பாவின் கேள்விக்குப் பிறகு அதே பாட்டில் வேறொன்று உறுத்தியது. அந்தத் தச்சன் உவமைக்காக வந்து உவமையோடு போய்விடுகிறான். அவன் செய்த சக்கரம் மன்னனாகிவிட்டது, அவன் யாருமாகவில்லை. 95-இல் கொட்டகை இருக்கிறது, கொல்லன் இல்லை. ‘கொல்லனுடைய’ என்ற உரிமைக் குறிப்பு மட்டும் இருக்கிறது. பாட்டின் முடிவில் அதியமானின் கொடை வருகிறது: இருந்தால் கொடுத்து உண்பான், இல்லாவிட்டால் இருப்பதைப் பகிர்ந்து உண்பான், இல்லாதவர் சுற்றத்துக்கு அவனே தலைவன். அந்தச் சுற்றத்தில் கொல்லன் இருந்தானா? புறநானூற்றில் பரிசில் பெறுபவர்கள் பெரும்பாலும் பாணர், பொருநர், கூத்தர், விறலியர், புலவர். பாடுபவர்களின் வரவு பாட்டில் பதிவாகிறது. பழுது பார்ப்பவனின் வரவு பதிவாகவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஔவையே ஒரு சிவிலியன். ஆயுதம் தொடாமல் போரின் வேலையைச் செய்கிறார். தூது போகிறார், மிரட்டுகிறார், பரிசில் வாங்குகிறார். கொல்லனின் கொட்டகை அவர் கண்ணில் பட்டதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். ஒரு காண்ட்ராக்ட்காரருக்கு இன்னொரு காண்ட்ராக்ட்காரரை அடையாளம் தெரியும்.

3

கொல்லனுக்கு எதற்காக வேலை செய்யவேண்டும் என்று ஒரே ஒரு பாட்டு சொல்கிறது. பொன்முடியாரின் 312. பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பெற்று வளர்ப்பது தாயின் கடமை, சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடமை, நல்லொழுக்கம் கற்பிப்பது வேந்தனின் கடமை, களத்தில் யானையை வீழ்த்தி மீள்வது இளைஞனின் கடமை என்று அடுக்கிக்கொண்டு போகும்.

வீரத்தாயின் பெருமை என்று இதை மேடைகளில் முழங்குகிறார்கள். நான் இதை ஒரு பணிப் பங்கீட்டுப் பட்டியலாக வாசிக்கிறேன். ஒரு போரை உற்பத்தி செய்ய யார் யார் என்னென்ன தரவேண்டும் என்ற பட்டியல் இது. இந்தப் பட்டியலில் பெரும்பாலோர் உறவாலோ பதவியாலோ கட்டுப்பட்டவர்கள். கொல்லன் மட்டும் வெளியாள். அவனையும் உள்ளே இழுத்துக் கட்டும் கயிறு ‘கடன்’ என்ற ஒரு சொல். அங்கே கடன் என்றால் கடமை.

சித்தப்பாவுக்கும் கடன் இருந்தது. அது வேறு கடன். சென்னையில் ஒரு ஏஜெண்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கின பணம். குவைத்தில் ‘கார் கம்பெனி’ வேலை என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். போய் இறங்கின நாலாம் நாள்தான் பஸ் ஒரு முள்வேலிக்குள் நுழைந்தது. திரும்பி வந்திருக்கலாமே என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “வட்டி யாரு கட்டறது?” என்றார், அவ்வளவுதான்.

தமிழில் ஒரே சொல் இரண்டுக்கும் இருப்பது சொல் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் போருக்கு வெளியே இருக்கும் ஒருவனைப் போருக்குள் கொண்டுவர உலகத்தில் இருக்கும் இரண்டு வழிகளும் இவைதாம். ஒன்று, அது உன் கடமை என்று நம்பவைக்கலாம். இன்னொன்று, அவனைக் கடன்காரனாக்கலாம். பொன்முடியார் முதலாவதைப் பாடினார். இரண்டாவதைப் பாட ஆளில்லை.

4

நான் வளர்ந்த நிலத்துக்கு இந்த விஷயம் புதிதல்ல. பாகூர் என்றால் எங்களுக்கு ஏரி, மூலநாதர் கோயில், நெல். ராணுவ வரலாறு எழுதுபவர்களுக்கு பாகூர் என்றால் 1752 செப்டம்பர் 6. லாரன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை, துய்ப்ளேக்ஸின் உறவினரான கெர்ழான் தலைமையிலான பிரெஞ்சுப் படையை இங்கே தோற்கடித்து, அவரையும் சிறைப்பிடித்தது. வில்லியனூர் என்றால் 1760. அதை ஆங்கிலேயர் பிடித்தபிறகுதான் புதுச்சேரி முற்றுகை இறுகியது. 1761 ஜனவரியில் நகரம் விழுந்தது.

இந்தப் போர்களை ஒரு தமிழர் உள்ளே இருந்து எழுதியிருக்கிறார் என்பது நமக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளேக்ஸின் துபாஷ். 1736-இல் தொடங்கிய நாட்குறிப்பை 1761 வரை எழுதினார். நகரம் விழுந்த அதே ஜனவரியில் அவரும் இறந்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பேச்சும் எழுத்தும் வியாபாரக் கணக்கும் பிரெஞ்சுச் சொற்களும் கலந்த அந்தத் தமிழ், என்னைப் போன்றவர்கள் இன்று எழுதும் கலப்புத் தமிழுக்குக் கொள்ளுத்தாத்தா.

பிள்ளை போரை வீரமாக எழுதவில்லை. பணமாக, சரக்காக, வதந்தியாக, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்ற பேச்சாக எழுதினார். கூலியாட்கள் வருகிறார்கள், மாடுகள் வருகின்றன, சிப்பாய்கள் வருகிறார்கள், தொகையாக. ஒரு பெரிய இடைத்தரகரின் பார்வைக்கு ஆட்கள் அப்படித்தான் தெரிவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய மேதைமை அந்த இடத்திலிருந்தே வருகிறது. ஆனால் அவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதை மறந்தால் நாட்குறிப்பைத் தப்பாக வாசிப்போம். அது காண்ட்ராக்டரின் நாட்குறிப்பு, காண்ட்ராக்ட் தொழிலாளியுடையது அல்ல.

பீரங்கி இழுக்கும் வண்டிகளின் அச்சு பாகூர் சேற்றில் முறிந்திருக்கும். யாரோ ஒரு உள்ளூர்த் தச்சர் வந்து சரி செய்திருப்பார். அவர் பிரெஞ்சுக்காரருக்குச் செய்தாரா, ஆங்கிலேயருக்குச் செய்தாரா, காசு வாங்கினாரா, அடி வாங்கினாரா? நாட்குறிப்பிலிருந்து வரலாற்று நாவல் செய்த பிரபஞ்சன் இந்தக் கேள்விக்கு மிகப் பக்கத்தில் வந்தவர். ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் ராஜா ராணிக் கதையாக இருந்த தமிழ் வரலாற்று நாவலைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. இரண்டாவது நாவலுக்கு 1995-இல் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. ஆனால் என் வாசிப்பில், அங்கேயும் சாதாரண ஜனங்கள் போரைத் தாங்குபவர்களாகவே அதிகமும் வருகிறார்கள். போர் அவர்கள்மேல் வந்து விழுகிறது. போரில் கூலி வாங்கிக்கொண்டு, அதே போரால் ஊரையும் இழந்த ஆள் ஓரமாகவே நின்றுவிடுகிறார்.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தை நினைத்துக்கொள்கிறேன். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கும் படம் மறுநாள் பேப்பரில் வரும். சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்பும் ஆள் படத்தில் இருக்க மாட்டார். தேர் தப்பிப் போனால் முதலில் சாகப்போவது அவர்தான்.

5

புதுச்சேரியை விட்டு வெளியே வந்து பார்த்தாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாவலில் போருக்குள் போன சிவிலியன்கள் இரண்டு வகையாக வருகிறார்கள்.

ஒன்று, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. ஜப்பானியர் பிடித்த மெடானில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று போகும் நாவல். பாண்டியன் வட்டிக்கடை உலகத்திலிருந்து வந்து சாகசக்காரனாகிறான். போர் அவனுக்கு ஒரு விடுதலை. பழைய ஊர், பழைய இலக்கியம், பழைய ஒழுக்கம் எல்லாவற்றையும் கிண்டலடிக்கும் சுதந்திரத்தை அது தருகிறது. நமது மொழியின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாண்டியனை யாரும் ஒரு பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைக்க முடியாது.

இரண்டாவது, மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’. ஜப்பானிய ராணுவம் 1942–43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டத் தமிழர்களைக் கொண்டுபோன கதை. இங்கே உழைப்பு இருக்கிறது, பசி இருக்கிறது, காலரா இருக்கிறது. ஆனால் கொண்டுபோகப்பட்டவர்கள் என்பதால் அறம் தெளிவாக இருக்கிறது. குற்றம் ஒரு பக்கம், துயரம் ஒரு பக்கம்.

சித்தப்பா இரண்டிலும் சேரமாட்டார். சாகசக்காரர் அல்ல, குவைத்தில் கடலையே சரியாகப் பார்த்ததில்லை என்பார். பலியாடும் அல்ல. ஏமாற்றப்பட்டுப் போனார் என்பது முதல் ஒரு வருஷத்துக்குத்தான் பொருந்தும். கடன் அடைந்தபிறகு ஒப்பந்தம் முடிந்தது, கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்தார். அந்தச் சம்பளத்தில்தான் அத்தையின் கல்யாணம், என் காலேஜ் பீஸ் இரண்டு வருஷம், இந்த ஷெட்.

நம் ஊரிலேயே ‘சொல்தா’ வீடுகள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா என்று போனவர்களின் குடும்பங்கள். பிரான்சிலிருந்து பென்ஷன், குடியுரிமை, சுவரில் மெடலோடு தாத்தா படம். அவர்கள் அந்நிய நாட்டின் போரில் சுட்டவர்கள். ஊர் அவர்களை மரியாதையோடு பார்த்தது, கொஞ்சம் பொறாமையோடும். சீருடை இருந்தது, அதனால் கதை இருந்தது. சித்தப்பாவுக்கு ஒரு நீல ஓவரால் இருந்தது. வரும்போது அதையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

எண்ணிக்கையில் இவர்கள் சின்னக் கூட்டமும் அல்ல. 2008-இல் ஈராக்கில் மட்டும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அங்கிருந்த சிப்பாய்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறையச் சமம். பெரும்பாலோர் அமெரிக்கர்கள் அல்ல. 2004 ஜூலையில் குவைத் கம்பெனி ஒன்றின் லாரி ஓட்டப் போன மூன்று இந்தியர்கள் ஈராக்கில் கடத்தப்பட்டு, செப்டம்பரில் விடுவிக்கப்பட்டார்கள். அதே ஆகஸ்டில் பன்னிரண்டு நேபாளத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். இந்தியா தன் குடிமக்கள் ஈராக்குக்கு வேலைக்குப் போகத் தடை போட்டது. ஆட்கள் போவது அதனால் நின்றுவிடவில்லை. அமெரிக்க ராணுவத்தின் வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளிக்கு, எந்த நாட்டவரானாலும், காயத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீடு தரச்சொல்லும் ‘டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட்’ என்ற சட்டம் 1941-இலேயே இருக்கிறது. சித்தப்பா அந்தப் பெயரை என் வாயிலிருந்துதான் முதல்முறை கேட்டார்.

ஆங்கிலத்தில் இவர்களைப் பற்றி நல்ல இதழியல் உண்டு. சாரா ஸ்டில்மேன் 2011-இல் நியூயார்க்கர் இதழில் எழுதிய நெடுங்கட்டுரை முக்கியமானது. அங்கேயும் இவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்ற கோணமே பிரதானம். அது நியாயமான கோணம். ஆனால் மூன்றாவது வருஷம் சுயமாகக் கையெழுத்துப் போட்டவனை அது என்ன செய்யும்?

6

சித்தப்பாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. 192 பக்க லாங் சைஸ், கிரீஸ் கறையோடு. பொங்கலுக்கு மறுநாள் கேட்டேன், யோசித்துவிட்டுக் கொடுத்தார். டைரி என்று நினைத்துத் திறந்தால் ஏமாற்றம். தேதி, வண்டி நம்பர், கோளாறு, மாற்றின பார்ட், ஓவர்டைம் மணி. தமிழ் எழுத்தில் இங்கிலீஷ் பார்ட் பெயர்கள்: பால் ஜாயிண்ட், ஹாஃப் ஷாஃப்ட், ரேடியேட்டர், பால் ஜாயிண்ட், பால் ஜாயிண்ட்.

ஏன் இத்தனை பால் ஜாயிண்ட் என்று கேட்டேன். ஹம்வி வண்டிகளுக்கு முதலில் கனமான கவசம் கிடையாது. ஈராக்கில் ரோட்டோரக் குண்டுகள் வெடிக்க ஆரம்பித்ததும் இரும்புத் தகடு ஏற்றினார்கள். 2004 டிசம்பரில் குவைத் முகாம் ஒன்றில் ஒரு சிப்பாய் பாதுகாப்புச் செயலாளர் ரம்ஸ்ஃபெல்டின் முகத்துக்கு நேராக, வண்டிக் கவசத்துக்கு நாங்கள் ஏன் குப்பைமேட்டில் பழைய இரும்பு பொறுக்கவேண்டும் என்று கேட்டது உலகச் செய்தியானது. கவசம் வந்தது, எடை கூடியது, எடை கூடியதால் ஸ்பிரிங்கும் பால் ஜாயிண்டும் டிரான்ஸ்மிஷனும் சீக்கிரம் தேய்ந்தன. போரின் பயம் எடையாக மாறி, எடை தேய்மானமாக மாறி, தேய்மானம் பாகூர்க்காரர் ஒருவரின் நோட்டில் வரியாக விழுந்திருக்கிறது. 95-ஆம் பாட்டின் நுனி சிதைந்த வேல் இதுதான். இந்தமுறை அதைக் கொல்லனே எழுதியிருக்கிறான்.

நோட்டில் சில வண்டி நம்பர்களுக்குப் பக்கத்தில் குறிகள் இருந்தன. சாய்கோடு, எக்ஸ், சில இடங்களில் வட்டத்துக்குள் எக்ஸ். அமெரிக்க ராணுவத்தின் பராமரிப்புப் படிவம் 5988-இ-யில் வருபவை. சாய்கோடு என்றால் சின்னக் கோளாறு, ஓட்டலாம். எக்ஸ் என்றால் ‘டெட்லைன்’, வண்டி நகரக்கூடாது. வட்டத்துக்குள் எக்ஸ் என்றால், கோளாறு அப்படியே இருக்கிறது, ஆனால் மேலதிகாரி அனுமதியோடு, சில கட்டுப்பாடுகளோடு ஓட்டலாம்.

“எக்ஸ் நாங்க போடுவோம். வட்டம் அவங்க போடுவாங்க.”

ஒரு வண்டியைக் காட்டினார். பிரேக் லைனில் கசிவு. இவர் பார்த்துச் சொன்னதால் எக்ஸ் விழுந்தது. பார்ட் வரவில்லை. மறுநாள் காலையில் வட்டம் விழுந்திருந்தது. மதியம் வண்டி இல்லை. அது எங்கே போனது, திரும்பி வந்ததா, யார் ஓட்டினார்கள், எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த நம்பர் நோட்டில் மறுபடி வரவேயில்லை. வேறு முகாமுக்குப் போயிருக்கலாம், வேறு ஷிஃப்டில் வந்திருக்கலாம். நோட்டின் கடைசி வரைக்கும் அந்த நம்பரைத் தேடியதாகச் சொன்னார்.

எனக்கு அங்கேதான் ஒன்று புரிந்தது. இந்த ஆளைப் பற்றி ஏன் நாவல் இல்லை என்பதற்கு நாம் சொல்லும் வழக்கமான பதில், எழுதுபவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை என்பது. அது பாதி உண்மை. மீதி, வடிவத்தின் சிக்கல். கதை என்பது செயலையும் விளைவையும் சேர்த்துக் கட்டும் கயிறு. சிப்பாய்க்கு விளைவு கண்ணெதிரே தெரியும். அகதிக்கு விளைவு உடம்பிலேயே இருக்கிறது. மெக்கானிக்கின் வேலை ஷெட் வாசலில் முடிந்துவிடுகிறது. அவன் சரியாகச் செய்தால் அந்த வண்டி யாரையாவது கொல்லலாம், சரியாகச் செய்யாவிட்டால் அதில் போகும் இருபது வயசுப் பையன் சாகலாம். இரண்டில் எது நடந்தாலும் அவனுக்குச் செய்தி வராது. குற்றவுணர்ச்சிக்குக்கூட ஒரு தகவல் வேண்டும். அந்தத் தகவல் கிடைக்காத வாழ்க்கையை எப்படிக் கதையாக்குவது?

நமது விமர்சனமும் இதற்குப் பழக்கப்படவில்லை. பாத்திரங்களுக்கு நாம் எக்ஸ் போடுவோம், அல்லது ஓகே போடுவோம். வட்டத்துக்குள் எக்ஸ் போட்ட மனிதர்களை வாசிக்க நம்மிடம் சொல் இல்லை. “ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி” என்று ஒரு பக்கம், “பாவம், வயித்துப் பொழப்பு” என்று இன்னொரு பக்கம். இரண்டும் அவரைக் கேட்காமலே அவர் கணக்கை மூடிவிடுகின்றன. கைக்கூலி என்ற வசவையே பாருங்கள். கூலி வாங்கினதுதான் அதில் குற்றம். கொல்லனுக்குக் கூலி யார் கொடுத்தது என்ற கேள்வியை நம் மொழி ஒரு வசவாக மட்டுமே வைத்திருக்கிறது.

7

இதை இவ்வளவு உறுதியாக எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், வாகனப் பராமரிப்புக்கான மென்பொருள் ஒன்று செய்தோம். எந்த வண்டி சர்வீசுக்கு வரவேண்டும், என்ன கோளாறு திறந்திருக்கிறது, எந்த பார்ட் எத்தனை நாளில் வரும். எனக்கு வந்த டிக்கெட் சின்னது: கோளாறு திறந்திருக்கும் வண்டியை, குறிப்பிட்ட பதவியில் இருப்பவர் காரணம் எழுதி விடுவிக்க ஒரு பட்டன் வேண்டும். ஒரு மதியத்தில் முடித்தேன். டெஸ்ட் எழுதினேன். ‘காரணம்’ கட்டத்தில் குறைந்தது பத்து எழுத்தாவது இருக்கவேண்டும் என்று நானே ஒரு விதியும் சேர்த்தேன், அதற்குப் பாராட்டும் கிடைத்தது. லாரி கம்பெனிக்கு என்று நினைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து, இறுதி வாடிக்கையாளர் ஒரு நாட்டின் ராணுவம் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. யாரும் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். என் வீட்டுக் கடன் மாதத் தவணை அப்போது தொடங்கியிருந்தது.

சித்தப்பாவின் நோட்டில் அந்த வட்டத்தைப் பார்த்தபோது முதுகில் ஏதோ ஊர்ந்தது. அவர் போட்டது எக்ஸ். வட்டம் போடும் பேனாவைச் செய்தவன் நான். அவராவது ஒரு நம்பரைக் கடைசிப் பக்கம் வரை தேடினார். நான் டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இதற்கு மேல் ஒரு தீர்ப்பு எழுத எனக்குத் தகுதி இல்லை. ஒரு வாசகனாக எனக்கு வேண்டியதைச் சொல்லலாம். விளைவு தெரியாத வேலையை, தெரியாது என்பதை மறைக்காமல் எழுதும் ஒரு தமிழ் நாவல் வேண்டும். அதில் சம்பளம் வரவேண்டும், தொகையோடு. ஏஜெண்ட் கமிஷன், வட்டி விகிதம், ஓவர்டைம், எல்லாம். பிள்ளையின் நாட்குறிப்பில் இருந்த கணக்குப் பிடிவாதம் கீழே இருந்து, நோட்டு எழுதினவனின் கையிலிருந்து வரவேண்டும். அந்த நாவல் எழுதப்படும்போது, அதன் முதல் வாசிப்பு ஔவையின் கொட்டகையிலிருந்து தொடங்கலாம். அவர் கொல்லனிடம் பேசவில்லை என்பது உண்மைதான். ஆனால் அரண்மனையில் நின்றுகொண்டு அந்தக் கொட்டகையை நினைத்தவர் அவர். அதுவும் சிறிய விஷயமல்ல.

கட்டுரையை எழுதி முடித்து, போன மாதம் ஷெட்டில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். என் பட்டன் வரும் இடத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. முடித்ததும் நோட்டைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன்.

“அந்தப் பாட்டுல, வேலெல்லாம் ரெடியாகி வெளிய போயிடுச்சா?”

“இல்ல சித்தப்பா. இன்னும் கொட்டகையிலதான் கிடக்குது. பாட்டு அங்கயே முடிஞ்சிடுது.”

“சரி,” என்றார். அப்புறம் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.